கடைசிப் பக்கத்துச் சிவப்பு எண்

ஏப்ரல் கடைசியில் வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா என்னைப் பார்க்க வந்தார். கையில் இருபத்திரண்டு பக்க ஹெல்த் செக்கப் ரிப்போர்ட், பையில் மூன்று டப்பா ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை. கடைசிப் பக்கத்தில் 'ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் - எம்டிஏ' என்று போட்டு, எதிரே ஒரு எண் சிவப்பில் இருந்தது. ஆக்ஸிஜனிலிருந்து உண்டாகும் வினைத்துகள்கள் உடம்பின் தடுப்பை மீறிச் செல்களைச் சிதைப்பதுதான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்; அதைத் தடுக்கும் பொருள்கள் ஆன்டிஆக்ஸிடன்ட்.

"டாக்டர், என் உடம்பு உள்ளுக்குள்ளே துருப்பிடிச்சுப் போச்சாம். கேன்சர் வந்துடுமா?"

ரத்தம் எடுத்தது காலை 6.30, வீட்டிலேயே. ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்த நேரம் 11.40. நடுவில் அந்தக் குழாய் பைக்கில் இன்னும் நாலைந்து வீடு சுற்றியிருக்கிறது. ரிப்போர்ட்டின் அடியில் பொடி எழுத்தில் 'லேசான ஹீமோலைசிஸ்'. அதாவது, சிவப்பணுக்கள் உடைந்திருக்கின்றன. இதை அவருக்கு யாருமே சொல்லவில்லை.

திறந்து வைத்த கடலை எண்ணெய் சில நாளில் காறல் வாடை அடிக்கும் அல்லவா? நம் செல் சவ்வுகளில் உள்ள கொழுப்புக்கும் அதுவே நடக்கிறது. அப்போது உண்டாகும் பொருள்களில் ஒன்றுதான் எம்டிஏ என்கிற மாலாண்டயால்டிஹைடு. தயோபார்பிட்யூரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். அந்த நிறத்தின் அடர்வை 532 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்போம். இறைச்சியும் எண்ணெயும் காறிவிட்டனவா என்று பார்க்க உணவு ஆய்வகங்களிலும் இதே சோதனைதான். ஆனால் இந்த அமிலம் எம்டிஏவோடு மட்டும் வினைபுரிவதில்லை. சில சர்க்கரைகள், பிலிருபின், உடைந்த சிவப்பணு எல்லாம் அந்த அளவை ஏற்றிவிடும். வெயிலில் அலைந்த குழாய்க்குள்ளேயே கொழுப்பு காறவும் செய்யும். அந்த எண் அந்த அம்மாவின் உடம்பைச் சொன்னதா, பைக் பயணத்தைச் சொன்னதா?

எஃப்2-ஐசோப்ரோஸ்டேன் என்று இன்னும் நம்பகமான குறியீடு இருக்கிறது. 1990-இல் கண்டறியப்பட்டது. அதற்கு மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதாவது மூலக்கூறுகளை நிறையை வைத்து அடையாளம் காணும் முறை வேண்டும். பிளாஸ்மாவை உடனே பிரித்து மைனஸ் 70, 80 டிகிரியில் வைக்க வேண்டும். செக்கப் பேக்கேஜில் இதெல்லாம் நடக்காது.

சரி, எண் துல்லியமாகவே வந்தது என்று வைத்துக்கொள்வோம். அது எந்த உறுப்பைப் பற்றியது? ரத்தம் எல்லா உறுப்புகளையும் தொட்டுவிட்டு வருகிறது. கல்லீரலில் நடப்பதும் தசையில் நடப்பதும் அதில் கலந்துதான் கிடக்கும். எலிகளில் ரத்தத்தையும் திசுக்களையும் ஒப்பிட்டுப் பார்த்ததில், சில குறியீடுகள் சில திசுக்களோடு ஒத்துப்போகின்றன, சில ஒத்துப்போவதில்லை.

'மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன்' என்ற சோதனை இன்னும் ஏமாற்றும். மயிலாப்பூர் பெரியவர் ஒருவர் அதில் 'மிகச் சிறப்பு' என்று வந்ததைப் பெருமையாகக் காட்டினார். யூரிக் அமிலம் 9.2, சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.9, இரண்டுமே அதிகம்! பல முறைகளில் அந்தத் திறனின் பெரும்பங்கு யூரிக் அமிலத்தால் வருவது. சிறுநீரகம் தளர்ந்து யூரிக் அமிலம் தேங்கத் தேங்க, மதிப்பெண் கூடிக்கொண்டே போகும்.

எனக்குக் கோபம் வருவது இதற்கு அடுத்த படியில்தான்: இப்படிப்பட்ட எண்களைக் காட்டி மாத்திரை விற்பது. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 1994-இல் வெளியானது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுப்பவர், இன்னொரு ஆன்டிஆக்ஸிடன்ட்டான வைட்டமின் ஈ-யை அதிக அளவில் சேர்த்தால் ரத்தக் கசிவு ஆபத்து கூடும். மாத்திரை வாங்குமுன், "வேறென்ன மருந்து சாப்பிடுறீங்க?" என்று அந்த அம்மாவை யாரும் கேட்கவில்லை.

எம்டிஏவை நான் மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. ரிப்போர்ட்டை முன்பக்கமாகத் திருப்பினேன். நாலாம் பக்கத்தில், இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9, நீரிழிவு அளவு. ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸுக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று ஏறிய சர்க்கரை. கடைசிப் பக்கத்தின் பயத்தில் அந்தப் பக்கத்தை அவர் கவனிக்கவே இல்லை.

"இது சர்க்கரைங்களா டாக்டர்? எனக்கா?"

அந்த ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தேன். மறுநாளே சர்க்கரை மருத்துவரிடம் காட்டிவிட்டு போன் பண்ணினார்.