தைப்பூசத்துக்கு முன் நிலை அறிக்கையைத் திறந்து பாருங்கள்

மொரீஷியசில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை நாள். கொடியேற்ற நேரம், காவடி எடுப்போர் பதிவு, அன்னதான நன்கொடை என்று கோவில் தளங்களை மக்கள் தேடி வருவது அந்தப் பத்து நாள் விரதக் காலத்தில்தான். தளம் ட்ரூபல் என்ற இணையதள மென்பொருளில் ஓடினால், அதன் உடல்நிலையைச் சொல்ல நிர்வாகப் பகுதியில் நிலை அறிக்கை என்ற பக்கம் இருக்கிறது. எல்லாம் பச்சையாக இருந்தால் கவலையில்லை என்று பலர் மூடிவிடுகிறார்கள். மாட்யூலை (ட்ரூபலுக்குக் கூடுதல் வசதி தரும் துணை நிரலை) எழுதியவர் எதைச் சோதிக்கச் சொன்னாரோ அதை மட்டும்தான் அந்தப் பக்கம் சோதிக்கும்.

மாட்யூலின் இன்ஸ்டால் கோப்பில் 'ரிக்வயர்மென்ட்ஸ்' ஹுக், அதாவது தேவைகளைச் சோதிக்கும் ஃபங்ஷன், இருக்கும். நிறுவும்போதும், அப்டேட் ஓட்டும்போதும், நிலை அறிக்கையைத் திறக்கும்போதும் ட்ரூபல் அதை அழைக்கும். 11.2 பதிப்பிலிருந்து இந்த மூன்றையும் தனித்தனியாக எழுத வழி வந்திருக்கிறது. சிக்கல் எங்கே என்றால், பலர் நிறுவும் கட்டத்துக்கு மட்டும் சோதனையை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

நன்கொடையாளர் பட்டியலைத் தமிழ் அகரவரிசையில் காட்டும் மாட்யூலை எடுத்துக்கொள்வோம். யூனிகோடு எண்வரிசைப்படி அடுக்கினால் 'கனகம்மா' முன்னே, 'கமலா' பின்னே வரும். நம் வரிசையில் ன கடைசி மெய், ஆகவே கமலாதான் முதலில் வர வேண்டும். ஜானகியும் சரஸ்வதிக்கு அடுத்து வந்து உட்கார்ந்துவிடுவார். அவர் இடம் வள்ளிக்குப் பிறகு. இதைச் சரிசெய்ய, ட்ரூபல் எழுதப்பட்ட பிஎச்பி மொழியின் 'இன்ட்ல்' எக்ஸ்டென்ஷனில் (கூடுதல் தொகுதியில்) உள்ள கொலேட்டர், அதாவது மொழிவாரியாக அடுக்கும் கருவி, வேண்டும். ட்ரூபலின் அடிப்படை நிரலான கோருக்கு இன்ட்ல் கட்டாயமில்லை என்பதால், அது இருக்கிறதா என்று மாட்யூல்தான் கேட்க வேண்டும்.

நிறுவிய அன்று பிஎச்பி 8.1இல் இன்ட்ல் இருந்தது, சோதனை தேறியது. பிறகு ட்ரூபல் 11க்காக சர்வரை 8.3க்கு மாற்றுகிறார்கள். புதிய பதிப்பில் இன்ட்ல் போடப்படவில்லை. நன்கொடையாளர் பக்கம் திறந்ததும் 'எதிர்பாராத பிழை' என்று நிற்கிறது. நிலை அறிக்கையோ பச்சையாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்தக் கட்டத்துக்குக் கேள்வியே எழுதப்படவில்லை. ஒரே சோதனையை இரு கட்டங்களிலும் வைத்தால் தீர்ந்தது. நிறுவும் கட்டத்தில் அதைப் 'பிழை' என்றே குறியுங்கள். நிறுவலைத் தடுப்பது பிழை மட்டும்தான்.

நிறுவும் கட்டத்தில் இன்னொரு பள்ளம் உண்டு. அப்போது மாட்யூல் இன்னும் ஏற்றப்படவில்லை. அதன் கிளாஸ்களையோ சர்வீஸ்களையோ சோதனைக்குள் அழைத்தால், காரணம் சொல்ல வந்த கோடே விழுந்துவிடும். பிஎச்பியின் சொந்த ஃபங்ஷன்களையும் கோரில் இருப்பவற்றையும் மட்டும் நம்புங்கள்.

ட்ரூபலின் கட்டளை வரிக் கருவியான ட்ரஷ் வழியாகவும் இதே அறிக்கையை எடுக்கலாம், வசதியானது. ஆனால் அது ஓடுவது கட்டளை வரி பிஎச்பியில். உபுண்டு, டெபியன் சர்வர்களில் அதற்குத் தனி அமைப்புக் கோப்பு. நினைவக வரம்பு பொதுவாக -1, அதாவது வரம்பே இல்லை. வெப் பக்கம் 64 எம்பியில் மூச்சுத் திணறினாலும் ட்ரஷ் 'சரி' என்றே சொல்லும். எக்ஸ்டென்ஷன், நினைவகம் இரண்டையும் உலாவியில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

பணம் செலுத்தும் சேவை பதில் சொல்கிறதா என்ற சோதனையை ஹுக்குக்குள்ளேயே வைப்பது தவறு. நிலை அறிக்கை மட்டுமல்ல, நிர்வாக அமைப்புப் பக்கம் திறக்கும்போதும் இந்தச் சோதனைகள் ஓடும். எங்கோ ஐரோப்பாவில் இருக்கும் சர்வர் தாமதித்தால், இங்கே கோவில் செயலாளரின் திரை உறைந்து நிற்கும். குறித்த இடைவெளியில் வேலைகளைத் தானே செய்யும் க்ரான் ஓடும்போது சோதித்து, முடிவையும் நேரத்தையும் ட்ரூபலின் 'ஸ்டேட்' சேமிப்பில் எழுதி வையுங்கள்; ஹுக் அதைப் படித்துச் சொன்னால் போதும்.

க்ரானே நின்றுபோனால்? ட்ரூபல் 48 மணி நேரம் கழித்துத்தான் எச்சரிக்கும், 14 நாள் கழித்துத்தான் பிழை என்று காட்டும். தைப்பூசம் வருவது நம் புயல் பருவத்துக்கு நடுவில். மூன்றாம் எண் புயல் எச்சரிக்கை வந்து, மின்சாரம் போய், அலுவலகத்தில் வைத்திருக்கும் சர்வர் அணைந்து, மறுநாள் க்ரான் இல்லாமல் எழுந்தால், 'ஊர்வலம் தள்ளிவைப்பு' என்று நேரம் குறித்து வைத்த அறிவிப்பு வெளியே வராது. அறிக்கையும் இரண்டு நாள் வாய் திறக்காது. சர்வர் க்ரானை மணிக்கொரு முறை ஓட விட்டு, சிஸ்டம் க்ரான் அமைப்பில் உள்ள எச்சரிக்கை வரம்பை 172800 வினாடியிலிருந்து 10800 ஆகக் குறையுங்கள்.

கடைசியாக, செய்தியின் வாசகம். 'இன்ட்ல் இல்லை' என்று மட்டும் எழுதினால் கோவில் செயலாளர் என்ன செய்வார்? 'தமிழ் அகரவரிசைக்கு பிஎச்பி இன்ட்ல் தேவை. இப்போது ஓடும் பிஎச்பி 8.3இல் அது இல்லை. ஹோஸ்டிங் நிறுவனத்திடம் இந்தப் பதிப்புக்கு அதைப் போடச் சொல்லுங்கள்' என்று எழுதுங்கள். அவர் அதை அப்படியே நகலெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடலாம். செய்தியை ட்ரூபலின் மொழிபெயர்ப்பு ஃபங்ஷன் வழியாகவே அனுப்புங்கள். நிர்வாகத் திரையை இங்கே பலர் பிரெஞ்சில் வைத்திருக்கிறார்கள்.