போர்முனைக்குக் கார்ட்டூன் போன வழி

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கென்றே ஒரு நாளிதழ் வந்தது. பெயர் ‘குட் மார்னிங்’. லண்டன் ‘டெய்லி மிரர்’ பத்திரிகைதான் அதைத் தயாரித்துக் கொடுத்தது. 1943-லிருந்து 1945 வரை 924 இதழ்கள். ஒன்றில்கூடத் தேதி கிடையாது, வரிசை எண் மட்டும்தான். வாரக்கணக்கில் கடலுக்கடியில் கிடக்கும் கப்பலுக்கு யார் போய்க் காலையில் பேப்பர் போடுவது? அதனால் புறப்படும் முன்பே கட்டாக ஏற்றிவிடுவார்கள். காக்ஸ்வெய்ன் என்ற மூத்த மாலுமி அதைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு நாளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பார். நாளைய பேப்பர் இன்றைக்கே கப்பலில் இருக்கும், ஆனால் கைக்கு வராது.

அதில் ‘ஜேன்’ என்ற படத்தொடரும் வந்தது. நார்மன் பெட் உருவாக்கிய அந்த நாயகிக்கு ஏதாவது ஒரு சாக்கில் உடை கிழிந்துகொண்டே இருக்கும். அடுத்து அவள் கதி என்ன என்று தெரிந்துகொள்ள மாலுமிகள் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். செய்தி என்றால் ஒரே நாளில் பழசாகிவிடும். படத்தொடருக்கு அந்தக் கவலை இல்லை, வரிசை மாறாமல் இருந்தால் போதும். ‘கன்னித்தீவு’ படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிந்துபாத்தின் கதை எந்தத் தேதியில் நடக்கிறது என்று யார் கேட்டார்கள்?

சரி, நீர்மூழ்கிக்குக் கட்டாக ஏற்றிவிடலாம். லட்சக்கணக்கான தரைப்படையினருக்கு? அமெரிக்கப் படைகள் அப்போது ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, பசிபிக் தீவுகள், இந்தியா, பர்மா என்று உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. அச்சடித்த காகிதம் நல்ல கனம். கப்பலில் இருக்கும் இடமோ குண்டுக்கும் உணவுக்குமே போதவில்லை. வீட்டுக் கடிதங்களையே மைக்ரோஃபிலிமில் படமெடுத்துச் சுருக்கித்தான் அனுப்பினார்கள். ஒன்றரை லட்சம் கடிதங்கள் பிடிக்கும் 37 மூட்டைகள் அந்த முறையில் ஒரே மூட்டைக்குள் அடங்கின. நிலைமை அப்படி இருக்க, பேப்பர் கட்டுகளை அட்லாண்டிக் தாண்டி ஏற்றி அனுப்ப யார் சம்மதிப்பார்கள்?

ஆகவே படையினரின் பத்திரிகைகள் அந்தந்த இடத்திலேயே, கிடைத்த அச்சகத்தில் அச்சாயின. அமெரிக்கப் படையின் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ 1942 ஏப்ரலில் லண்டனில் மீண்டும் தொடங்கிய பின் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையின் அச்சகத்தைப் பயன்படுத்திக்கொண்டது. பிறகு அல்ஜியர்ஸ், நேபிள்ஸ், ரோம் என்று படை போன இடமெல்லாம் பதிப்பும் போயிற்று. பர்மா முனையில் இருந்தவர்களுக்காக ஃபிராங்க் ஓவன் நடத்திய ‘சீயாக்’ நாளிதழ், 1944 முதல் கல்கத்தாவில் ‘ஸ்டேட்ஸ்மன்’ அச்சகத்திலிருந்து வெளிவந்தது.

செய்திகள் தந்தியிலும் ரேடியோவிலும் வந்துவிடும். எழுத்துகளாகத்தானே வருகின்றன, உள்ளூரில் அச்சுக்கோத்துக்கொள்ளலாம். படத்தை அப்படி அனுப்ப முடியாது. கம்பி வழியே புகைப்படம் அனுப்பும் கருவிகள் அன்றே இருந்தன என்றாலும், போர்க்களப் படங்களை ஒதுக்கிவிட்டு அதில் கார்ட்டூன் அனுப்ப யாரும் விடமாட்டார்கள். நியூயார்க்கில் வரைந்த படம் ரோமில் அச்சாக வேண்டுமானால், வேறு வழி வேண்டும்.

அந்த வழி புரிய வேண்டுமானால் முதலில் ‘பிளாக்’, அதாவது படத்தை அச்சடிக்கும் உலோகத் தகடு, செய்வதைப் பார்க்க வேண்டும். பழைய அச்சகங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கம். மேடாக நிற்கும் இடத்தில் மை ஒட்டும், பள்ளத்தில் ஒட்டாது. அவ்வளவுதான் அன்றைய அச்சு. மை உண்டு, அல்லது இல்லை. நடுவில் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது.

ஓவியர் அச்சில் வரப்போகும் அளவைவிடப் பெரிதாகவே வரைவார். முதலில் பென்சிலில் கோட்டோவியம், அதன்மேல் இந்தியன் இங்க் என்ற கறுப்பு மை. இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் அந்தப் பென்சில்தான். சில ஓவியர்கள் வெளிர்நீலப் பென்சிலைப் பயன்படுத்தினார்கள், அழிக்கவே மாட்டார்கள். பிளாக் எடுப்பவரின் கேமராவில் இருந்த ஃபிலிம் பெரும்பாலும் நீல ஒளியைத்தான் உணரும். வெள்ளைத் தாளிலிருந்தும் நீல ஒளி வருகிறது, வெளிர்நீலக் கோட்டிலிருந்தும் வருகிறது. ஃபிலிமுக்கு இரண்டும் ஒன்றுதான். கறுப்பு மை மட்டும் தனித்துத் தெரியும். நம் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கோடு கேமராவுக்கு இல்லவே இல்லை.

அப்புறம் வேதியியல். துத்தநாகத் தகட்டில் முட்டையின் வெள்ளைக்கருவும் அம்மோனியம் டைகுரோமேட்டும் கலந்த கரைசலைப் பூசிக் காயவைப்பார்கள். அதன்மேல் நெகட்டிவை வைத்துப் பலமான விளக்கைக் காட்டினால், வெளிச்சம் பட்ட இடத்தில் பூச்சு இறுகிவிடும். நெகட்டிவில் கோடுகள்தான் தெளிவாக இருக்கும், மற்ற இடமெல்லாம் கறுப்பு. ஆக, கோடுகள் மட்டும் இறுகும். மை உருட்டித் தண்ணீரில் கழுவினால் இறுகாத பகுதி மையோடு சேர்ந்து போய்விடும், ஓவியம் மட்டும் தகட்டில் நிற்கும். இனி நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால், மூடப்படாத துத்தநாகத்தை அமிலம் அரித்துத் தின்னும்.

இங்கே ஒரு சிக்கல். அமிலத்துக்குக் கீழ்நோக்கி மட்டும் அரிக்கத் தெரியாது. கொஞ்சம் பள்ளம் விழுந்ததும் பக்கவாட்டிலும் புகுந்து கோட்டின் அடியையே தின்ன ஆரம்பிக்கும். அப்படியே விட்டால் மெல்லிய கோடு அடி அறுந்து விழுந்துவிடும். அதைத் தடுக்க ‘டிராகன் ரத்தம்’ என்ற சிவப்புப் பொடி இருந்தது. பெயர்தான் பயங்கரம், பொருள் தென்கிழக்காசியக் காடுகளில் வளரும் ஒரு வகைப் பிரம்பிலிருந்து எடுக்கும் பிசின். ஒரு பக்கமாகத் தூரிகையால் தள்ளினால் பொடி கோட்டின் பக்கச் சுவரில் போய் ஒதுங்கும். சூடுகாட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும். நான்கு திசையிலிருந்தும் இதைச் செய்துவிட்டு மறுபடியும் அமிலத்தில் இறக்குவார்கள். கொஞ்சம் அரித்ததும் வெளியே எடுத்து, மறுபடி பொடி, மறுபடி சூடு, மறுபடி அமிலம். ஒரு பிளாக்குக்கு இதைப் பல சுற்று செய்ய வேண்டும்.

படைப் பத்திரிகைகளுக்கு வரைந்த ஓவியர்கள் பலர் தடித்த கோடு போட்டார்கள். ஏன் என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது. மீதி விடை காகிதத்தில். செய்தித்தாள் மையை உறிஞ்சிப் பரப்பும். நெருக்கமான புள்ளிகளால் சாம்பல் நிறம் காட்டும் பென் டே முறை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. நல்ல காகிதத்தில் அது அழகாக வரும். மட்டமான காகிதத்தில், மட்டமான மையில், புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கறுப்புத் திட்டாகிவிடும்.

பிளாக் தயார். ஆனால் அது உலோகம், கனமானது, அதுவும் ஒன்றே ஒன்று. இங்கேதான் ‘மேட்’ வருகிறது. காகிதக்கூழ் அடுக்குகளால் ஆன ஒரு அட்டையைப் பிளாக்கின் மேல் வைத்துப் பெரும் அழுத்தத்தில் அமுக்குவார்கள். மேடெல்லாம் அட்டையில் பள்ளமாகப் பதியும். ஒரே பிளாக்கிலிருந்து நூற்றுக்கணக்கான மேட் எடுக்கலாம். எடையோ அட்டையின் எடைதான், உறையில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம். ஒரே தொடரைப் பல பத்திரிகைகளுக்கு விற்கும் அமெரிக்க சிண்டிகேட் நிறுவனங்களின் தொழிலே இந்த அட்டையின் மேல்தான் நின்றது. தொடர்களை ஐந்தாறு வாரம் முன்னதாகவே வரைந்து வாங்கி வைப்பது அவர்கள் வழக்கம். அந்த இடைவெளிதான் கடல் தாண்டும் தபாலுக்கும் கைகொடுத்தது.

போய்ச் சேர்ந்த இடத்தில் அந்த அட்டைக்குள் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். நூற்றுக்குச் சுமார் 80 பங்கு ஈயம், 15 பங்கு ஆன்டிமனி, மிச்சம் வெள்ளீயம். சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸ். காகிதம் எரியாதா என்று கேட்கத் தோன்றும். எரிவதற்குக் காற்று வேண்டும். உலோகம் அட்டையை முழுக்க மூடிவிடுகிறது, சில நொடிகளில் உறைந்தும் விடுகிறது. அட்டை லேசாகக் கருகும், அவ்வளவுதான். ஈயத்தோடு ஆன்டிமனியைச் சேர்ப்பதற்கும் காரணம் உண்டு. தனி ஈயம் உறையும்போது சுருங்கி, மூலை முடுக்கெல்லாம் மழுங்கிப் போகும். ஆன்டிமனியோ உறையும்போது சற்று விரியும் அபூர்வ உலோகங்களில் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் சுருக்கம் வெகுவாகக் குறைந்து, கோட்டின் விளிம்பு கூர்மையாக வரும். கலவை கெட்டியாகவும் இருக்கும். வெள்ளீயம் அதை நன்றாக ஓட வைக்கும்.

நியூயார்க்கில் போட்ட கோடு ரோமில் ஈயமாக எழுந்துவிட்டது. இதில் இன்னொரு வசதியும் உண்டு. பேச்சுக் குமிழிக்குள் இருக்கும் வசனம் ஓவியர் கையால் எழுதியது, படத்தோடு சேர்ந்தே வருகிறது. இத்தாலிய அச்சகத்தில் ஆங்கிலம் தெரியாத தொழிலாளி அச்சுக்கோத்த செய்தியில் எழுத்துப்பிழை வரலாம், கார்ட்டூனில் வராது. ஜார்ஜ் பேக்கர் அமெரிக்கப் படையின் ‘யாங்க்’ வார இதழில் 1942 முதல் வரைந்த ‘சாட் சாக்’ தொடரில் வசனமே இல்லை. டிஸ்னியில் வேலை பார்த்துவிட்டுப் படைக்கு வந்தவர் அவர். தொளதொளச் சட்டைக்குள் கூனிப்போன அந்தச் சிப்பாய் எங்கே போனாலும் உதை வாங்குவான். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை.

எல்லா முகாமிலும் ஈயம் உருக்க வசதி இருந்ததா என்றால், இல்லை. சின்னப் பிரிவுகள் சைக்ளோஸ்டைல் பண்ணின. மெழுகு பூசிய தாளில் கூரான எழுத்தாணியால் கீறினால், கீறிய இடம் வழியே மை கசியும். அமெரிக்கப் போர்த்துறை இந்தச் சிறு பத்திரிகைகளுக்கென்றே ‘கேம்ப் நியூஸ்பேப்பர் சர்வீஸ்’ என்ற அலுவலகத்தை வைத்து, செய்தியும் படமும் இலவசமாகக் கொடுத்தது. மில்டன் கனிஃப் அதற்காகச் சம்பளமில்லாமல் வரைந்தார். முதலில், 1942 அக்டோபரில், தன் புகழ்பெற்ற ‘டெர்ரி அண்ட் தி பைரட்ஸ்’ தொடருக்கே படையினருக்கான தனி வடிவம் கொடுத்தார். அந்தத் தொடரைக் காசு கொடுத்து வாங்கியிருந்த ‘மயாமி ஹெரால்ட்’ பத்திரிகை, தன் வட்டாரத்தில் வேறு யாரும் போடக் கூடாது என்று ஆட்சேபித்தது. கனிஃப் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. 1943 ஜனவரியில் ‘மேல் கால்’ (Male Call) என்று புதுத் தொடர் தொடங்கி, மிஸ் லேஸ் என்ற நாயகியைக் கொண்டுவந்தார். கடைநிலைச் சிப்பாயையும் ‘ஜெனரல்’ என்று கூப்பிடுவாள் அவள். உச்சத்தில் சுமார் 3,000 முகாம் பத்திரிகைகளில் அது வந்தது.

களத்திலேயே வரைந்தவர் என்றால் பில் மால்டின். 45-ஆவது டிவிஷனோடு சிசிலிக்குப் போனவர், 1944-ல் ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ பத்திரிகையில் சேர்ந்தார். அவருடைய ஒரு படத்தைப் பார்த்தாலே போதும். குதிரைப்படையில் இருந்த பழைய சார்ஜென்ட் ஒருவர் உடைந்துபோன ஜீப்பின் முன்னால் நிற்கிறார். ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையில் உள்ள துப்பாக்கியை எஞ்சின்மேல் குறிவைக்கிறார். கால் முறிந்த குதிரையைச் சுடுவதுபோல. கீழே ஒரு வரிகூட எழுத்து இல்லை. தூரிகையால் இழுத்த தடித்த கோடுகள், சேறும் நிழலும் ஒரே கறுப்பு. எந்த மட்டமான அச்சிலும் அந்தக் கறுப்பு கறுப்பாகவே வரும். மோசமான அச்சைப் பலமாக்கிக்கொண்ட ஓவியர்களில் அவரைத்தான் முதலில் சொல்வேன்.

அவருடைய கார்ட்டூன் சிப்பாய்களான வில்லியும் ஜோவும் சவரம் செய்யாத முகத்தோடு, அழுக்கு உடையோடு திரிந்தார்கள். ஜெனரல் பேட்டனுக்கு இது பொறுக்கவில்லை. தன் மூன்றாவது படைக்குள் பத்திரிகையையே விடமாட்டேன் என்று மிரட்டினார். 1945 மார்ச்சில் லக்சம்பர்க்கில் மால்டினை நேரில் வரவழைத்துத் திட்டினார். நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவரின் தலைமையகம் மால்டின் பக்கம் நின்றது, கார்ட்டூன்கள் மாறவில்லை. அந்த ஆண்டே 23 வயதில் அவருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

சண்டை முடிந்த பிறகும் அதிகாரிகளுக்கு இந்தப் பயம் விடவில்லை. மார்ட் வாக்கரின் ‘பீட்டில் பெய்லி’ 1950-ல் ஒரு கல்லூரி மாணவனின் கதையாகத் தொடங்கியது. 1951-ல் கொரியப் போர் நடக்கும்போது நாயகன் படையில் சேர்ந்துவிட்டான், சோம்பேறித்தனம் மட்டும் அப்படியே இருந்தது. 1954-ல் டோக்கியோ ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ அந்தத் தொடரை நிறுத்தியது. அதிகாரிகளை மதிக்காமல் போக இது தூண்டுகிறதாம். செய்தி பரவியதும் அமெரிக்காவில் இன்னும் சுமார் நூறு பத்திரிகைகள் அதை வாங்கிப் போட ஆரம்பித்தன.

ஈயமும் மேட்டும் அதற்குப் பிறகு ரொம்ப காலம் நீடிக்கவில்லை. ஆஃப்செட் அச்சு வந்ததும் படத்தைப் புகைப்படமாக எடுத்து நேரே தகட்டில் ஏற்றினார்கள், இப்போது கம்ப்யூட்டர் கோப்பாகவே போகிறது. பழைய ஈயத் தகடுகளில் பெரும்பாலானவை அச்சு முடிந்த கையோடு உருக்கப்பட்டு அடுத்த நாள் பக்கமாக மாறியவை. சேகரிப்பவர்களிடம் இன்று மிஞ்சியிருப்பவை பழுத்துப்போன பேப்பர்களும், அங்கங்கே சில மேட்களும், அந்த நீலக் கோடுகள் இன்னும் தெரிகிற மூல ஓவியங்களும்தான்.