நான்கு வயதுவரை பின்னோக்கி: கார் சீட்டும் குழந்தையின் கழுத்தும்

முதல் பிறந்தநாள் முடிந்த கையோடு சைல்டு சீட்டை முன்பக்கமாகத் திருப்பிவிடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கால் மடங்குகிறது, முகம் தெரியவில்லை, வேடிக்கை பார்க்க முடியாமல் அழுகிறது என்று காரணம் சொல்வார்கள். சுவீடனில் அதே வயதுக் குழந்தை இன்னும் மூன்று வருடம் காரின் பின்கண்ணாடியைப் பார்த்தபடிதான் போகும். குறைந்தது நான்கு வயதுவரை பின்னோக்கி உட்கார வையுங்கள் என்பதுதான் அங்கே பெற்றோருக்குச் சொல்லப்படும் அறிவுரை.

இந்த யோசனை அங்கே தொடங்கியது 1964-இல். கோத்தன்பர்க் நகரின் சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன், அமெரிக்காவின் ஜெமினி விண்கலத்துக்காகத் தயாரான இருக்கைகளைக் கவனித்தார். ராக்கெட் கிளம்பும்போது வரும் பெரும் அழுத்தத்தை விண்வெளி வீரர்கள் முதுகால் தாங்குகிறார்கள். உடலுக்கேற்ற வடிவில் வார்த்த இருக்கை அந்த விசையை முதுகு முழுக்கப் பரப்பிவிடுகிறது. காரில் போகும் குழந்தைக்கும் இதையே செய்தால் என்ன என்று யோசித்தார். முதல் மாதிரி இருக்கையை வால்வோ பிவி544 காரில் பொருத்திச் சோதித்தார்கள். 1972-இல் வால்வோ பின்னோக்கிய குழந்தை இருக்கையை விற்பனைக்கே கொண்டுவந்தது.

திசை மாறினால் அப்படி என்ன மாறிவிடும்? ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போகும்போது திடீரென்று பிரேக் பிடித்தால் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வண்டி போகும் திசையைப் பார்த்து உட்கார்ந்தவர் முன்னால் சாய்ந்து எதையாவது பிடித்துக்கொள்வார். எதிரில் இருப்பவர் சீட்டோடு அழுந்துவார், அவ்வளவுதான். கார் மோதும்போதும் இதேதான், விசை மட்டும் பல மடங்கு.

எத்தனை மடங்கு என்று ஒரு கணக்குப் போடலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு சுமார் 14 மீட்டர். அந்த வேகத்தில் போய் முட்டிய கார், முன்பகுதி 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிற்பதற்கு ஆகும் நேரம் வினாடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் வரும் சராசரி வேகக்குறைப்பு புவியீர்ப்பைப் போல் 16 மடங்கு. பத்து கிலோ குழந்தை அந்தக் கணத்தில் 160 கிலோ மூட்டையாக முன்னால் பாயும். மடியில் வைத்து இறுக்கிக் கட்டிக்கொண்டாலும் அதைப் பிடித்து நிறுத்தும் கை யாருக்கும் கிடையாது. இது சராசரிதான், உச்சக் கணத்தில் விசை இன்னும் அதிகம்.

சரி, மடியில் இல்லை, முன்னோக்கிய சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்றே வைப்போம். பெல்ட் தோளையும் இடுப்பையும் நிறுத்திவிடும். தலையை நிறுத்த எந்தப் பெல்ட்டும் இல்லை. அது தன் பாட்டுக்கு முன்னால் போகப் பார்க்கும். அதை உடம்போடு சேர்த்து இழுத்துப் பிடிப்பது கழுத்து ஒன்றுதான். வளர்ந்தவருக்குத் தலையின் எடை மொத்த உடல் எடையில் 6 சதவீதம் அளவில் இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கோ பத்து கிலோ உடம்பில் தலை மட்டும் கிட்டத்தட்ட இரண்டரை கிலோ. மேலே போட்ட கணக்குப்படி, அந்தப் பிஞ்சுக் கழுத்தை 40 கிலோ எடை பிடித்து இழுப்பதற்குச் சமம்.

அந்தக் கழுத்துக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுகிறது. பிறக்கும்போது கழுத்து முள்ளெலும்புகள் முழு எலும்பாக இருப்பதில்லை. பெரும்பாலானவை மூன்று துண்டுகளாக, நடுவே குருத்தெலும்பு இணைக்க, நிற்கின்றன. துண்டுகள் கூடி ஒரே எலும்பாவது ஏறக்குறைய 3 வயதிலிருந்து 6 வயதுக்குள். எலும்புகளைக் கட்டிவைக்கும் தசைநார்களும் தளர்வாகவே இருக்கும். எலும்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் மூட்டுப் பரப்புகள் பெரியவர்களைப் போலச் சரிவாக இல்லாமல் தட்டையாக இருப்பதால் எளிதில் வழுக்கும். சிசுவின் முதுகெலும்புத் தொடர் இழுவையில் 5 சென்டிமீட்டர்வரை நீளக்கூடியது என்றும், உள்ளே ஓடும் தண்டுவடம் 6 மில்லிமீட்டர் அளவு நீண்டாலே கிழியும் என்றும் மருத்துவ நூல்கள் சொல்கின்றன. உறை நீள்கிறது, உள்ளே இருப்பது நீளாது. அதனால்தான் குழந்தைகளுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் தெரியாமலேயே தண்டுவடம் சேதமாகியிருப்பது உண்டு.

பின்னோக்கி உட்கார்ந்த குழந்தைக்குத் தலை, கழுத்து, முதுகு மூன்றும் சேர்ந்தே சீட்டின் ஓட்டில், அதாவது அதன் கெட்டியான வெளிக்கூட்டில், அழுந்தி, சேர்ந்தே நிற்கின்றன. தலை தனியாக ஓட இடமில்லை. கழுத்து இழுபடுவது மிகமிகக் குறைந்துவிடுகிறது. விசையும் இரண்டு தோள்பட்டை வாரில் குவியாமல் முதுகுப் பரப்பு முழுக்கப் பரவுகிறது.

எலும்புத் துண்டுகள் ஒன்றாகக் கூடுவது வயதைப் பொறுத்தது. கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கு அது முன்கூட்டி நடந்துவிடாது. ஐரோப்பாவின் பழைய விதியான ஆர்44-இல் இருந்த பெரிய ஓட்டை இதுதான். 9 கிலோ ஆகிவிட்டால் முன்னோக்கிய சீட்டுக்கு மாற்றலாம் என்றது அது. நல்ல எடையோடு வளரும் குழந்தை ஏழெட்டு மாதத்திலேயே அதைத் தொட்டுவிடும். 2013-இல் நடைமுறைக்கு வந்த ஆர்129 விதி, ஐ-சைஸ் என்று கடைகளில் சொல்வது, எடைக்குப் பதில் உயரத்தை அளவாக எடுத்துக்கொண்டது; 15 மாதம் முடியும்வரை பின்னோக்கித்தான் என்று கட்டாயமாக்கியது. அந்த 15 மாதம் குறைந்தபட்சம் மட்டுமே. அன்றைக்குத் திருப்பிவிடச் சொல்லும் தேதி என்று பலர் எடுத்துக்கொள்வது வருத்தம் தருகிறது.

அமெரிக்கக் கதையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்க குழந்தை மருத்துவ அகாடமி 2011-இல் இரண்டு வயதுவரை பின்னோக்கி என்று பரிந்துரைத்தது. ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைகளுக்குப் பின்னோக்கிய சீட் ஐந்து மடங்கு பாதுகாப்பு என்று 2007-இல் வந்த ஓர் ஆய்வு அதற்கு முக்கிய ஆதாரம். பிறகு அந்தப் புள்ளிவிவரக் கணக்கில் கோளாறு இருப்பது தெரிந்து ஆய்வு திரும்பப் பெறப்பட்டது. ‘ஐந்து மடங்கு’ இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது; அதை விட்டுவிடுங்கள். அகாடமியோ 2018-இல் பரிந்துரையைத் தளர்த்தவில்லை. இரண்டு வயது என்ற எல்லையையே எடுத்துவிட்டு, சீட் அனுமதிக்கும் உச்ச எடை அல்லது உயரம் வரும்வரை பின்னோக்கியே வையுங்கள் என்றது. உடற்கூறும் இயற்பியலும் மோதல் சோதனைகளும் சுவீடனின் நீண்ட அனுபவமும் அந்த ஓர் ஆய்வை நம்பி நிற்கவில்லை.

இனி வாங்கும் விஷயம். பிறந்த குழந்தைக்கு வாங்கும், கைப்பிடி வைத்த கூடை மாதிரியான சீட் பெரும்பாலும் 13 கிலோ அளவோடு முடிந்துவிடும். எடைக்கு முன்பே உயரம் போதாமல் போகும். தலை ஓட்டின் மேல்விளிம்பைத் தொட்டுவிடும். ஆக, ஒரு வயதை ஒட்டி அடுத்த சீட் வாங்கும்போதுதான் உண்மையான தேர்வு வருகிறது. கடையில் பெட்டிமேல் ‘0 முதல் 7 வயது, 25 கிலோவரை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்த 25 கிலோ பலநேரம் முன்னோக்கி வைத்தால் மட்டும். பின்னோக்கி எத்தனை கிலோ என்று சிறிய எழுத்தில் தேடினால் 13 என்றோ 18 என்றோ இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சிறிய எண்ணைத்தான். சீட்டின் பக்கத்திலோ அடியிலோ ஒட்டியிருக்கும் ஒப்புதல் ஸ்டிக்கரையும் தேடிப் பாருங்கள். ஆர்44 என்றோ ஆர்129 என்றோ விதியின் எண் இருக்கும். வட்டத்துக்குள் ஈ எழுத்தோடு உள்ள எண் எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்று காட்டும். 1 ஜெர்மனி, 4 நெதர்லாந்து, 5 சுவீடன். இந்தியத் தரத்தின் பெயர் ஏஐஎஸ்-072.

எவ்வளவு எல்லை போதும்? உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயது ஆண் குழந்தையின் இடைநிலை எடை 16.3 கிலோ, உயரம் 103 சென்டிமீட்டர். பெண் குழந்தைக்கு இரண்டுமே சற்றுக் குறைவு. எனவே பின்னோக்கி 105 சென்டிமீட்டர், 18 கிலோவரை தாங்கும் சீட், சராசரி வளர்த்தி உள்ள குழந்தைக்கு நான்கு வயதுவரை வந்துவிடும். வாட்டசாட்டமாக வளரும் குழந்தைக்கு அது போதாது.

அப்படிப்பட்ட குழந்தைக்குச் சீட் தேடும்போது ஐசோஃபிக்ஸ் பற்றி ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும். காரின் உடலோடு பற்றவைத்த இரண்டு கொக்கிகளில் சீட்டை மாட்டும் முறை அது. தப்பாகப் பொருத்துவதற்கு வாய்ப்பு குறைவு என்பதால் நல்ல முறைதான். ஆனால் சீட்டும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோதான் அதற்கு வரம்பு. சீட்டே 14 கிலோ என்றால் குழந்தைக்கு மிச்சம் 19 கிலோ. அதனால்தான் 25 கிலோவும் அதற்கு மேலும் பின்னோக்கித் தாங்கும் ஸ்காண்டிநேவிய வகைச் சீட்டுகள் காரின் சாதாரண பெல்ட்டிலேயே கட்டும்படி வருகின்றன. கூடவே முன்சீட்டின் அடித்தண்டவாளத்தில் கட்டும் இரண்டு வார்களும், தரையில் ஊன்றும் கால் ஒன்றும் இருக்கும். பார்க்கப் பழையபாணியாகத் தெரிந்தாலும் கனமான குழந்தைக்கு அதுதான் சரி. சுவீடனில் பிளஸ் டெஸ்ட் என்று கட்டாயமில்லாத ஒரு சோதனை உண்டு. அங்குள்ள சாலைப் போக்குவரத்து ஆய்வு நிறுவனமான விடிஐ நடத்துகிறது. மோதல் சோதனையில் குழந்தைக்குப் பதிலாக உட்கார வைக்கும் பொம்மையின் கழுத்தில் விழும் விசை ஒரு வரம்பைத் தாண்டினால் சீட் தோற்றுவிடும். முன்னோக்கிய சீட் எதுவும் அதில் தேறியதில்லை. பிளஸ் டெஸ்ட் முத்திரை உள்ள சீட் கிடைத்தால் யோசிக்க வேண்டாம்.

கால் இடிக்கிறதே என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. குழந்தைகள் சம்மணமிட்டோ காலைச் சீட்டின்மேல் தூக்கிப்போட்டோ வசதியாகவே உட்காருவார்கள். முன்னோக்கி உட்காரும்போதுதான் கால்கள் வீசியடித்து முன்சீட்டின் முதுகில் மோதிக் காயமாகின்றன. சீட் சிறிதாகிவிட்டதா என்று பார்க்கத் தலையைப் பாருங்கள், காலைப் பார்க்காதீர்கள். உச்சந்தலைக்கு மேல் ஓட்டில் இரண்டரை சென்டிமீட்டர் மிச்சம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வழக்கமான அளவு. உங்கள் சீட்டின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் கணக்கு.

பின்னாலிருந்து வேறொரு வண்டி இடித்தால்? அப்போது திசையின் பலன் தலைகீழாகும் என்பது உண்மை. ஆனால் பின்னாலிருந்து இடிபடும் கார் பெரும்பாலும் அதே திசையில் ஓடிக்கொண்டோ, தடையின்றி முன்னால் தள்ளப்பட்டோ விடுவதால் வேகமாற்றம் பொதுவாகக் குறைவு. மிகக் கடுமையான மோதல்கள் நேருக்கு நேர் நடப்பவைதான்.

தோள் வார் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பின்னோக்கிய சீட்டில் வார் ஓட்டிலிருந்து வெளிவரும் துளை, குழந்தையின் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும். மோதலில் குழந்தை ஓட்டின்மேல் தலைப்பக்கமாக வழுக்கி ஏறப்பார்க்கும். கீழிருந்து வந்து தோளைச் சுற்றும் வார் அதைக் கீழே பிடித்து வைக்கும். முன்னோக்கிய சீட்டுக்கு இது நேர் எதிர், துளை தோள் மட்டத்திலோ சற்று மேலேயோ. இறுக்கம் போதுமா என்று பார்க்கத் தோள் அருகே வாரைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு கையில் வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். குளிர்நாட்டில் இருப்பவர்கள் பஞ்சு வைத்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுப் பெல்ட் போட்டு, ஜாக்கெட்டை மேலே போர்த்த வேண்டும். மோதலில் பஞ்சு நசுங்கினால் வார் தொளதொளத்துவிடும்.

சாய்வும் வயதுக்கு ஏற்ப மாறும். பச்சைக்குழந்தைக்கு 45 டிகிரி அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் தலை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சுக்குழல் அடைபடும். கழுத்து நின்றுவிட்ட பிறகு நிமிர்த்தி வைக்கலாம். முன்சீட்டில் இருப்பவருக்குக் கால் நீட்ட இடமும் கிடைக்கும். நம் சின்னக் கார்களில் இது பெரிய உதவி.

ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் பின்னோக்கிய சீட்டை ஒருக்காலும் வைக்கக் கூடாது. வெடித்து விரியும் பை நேராகக் குழந்தையின் தலைக்குப் பின்னால் உள்ள சீட் ஓட்டின்மீதுதான் மோதும். சுவீடனில் சாவி போட்டு ஏர்பேக்கை அணைத்துவிட்டு முன்னால் வைப்பார்கள். அந்தச் சாவித்துளை உங்கள் காரில் இல்லையென்றால் பின்சீட்தான், பேச்சுக்கே இடமில்லை.

இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்ட குழந்தை பெல்ட்டோ குழந்தைகளுக்கான இருக்கையோ இல்லாமல் காரில் போனால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. எந்தத் திசையில் உட்கார வேண்டும் என்று அந்தப் பிரிவு பேசவில்லை. அதைப் பெற்றோர்தான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெயில் ஊர்களில் இன்னொன்று. முன்பக்க ஏசிக் காற்று சீட்டின் ஓட்டில் பட்டுத் திரும்பிவிடும். உள்ளே குழந்தைக்கு வேர்த்துக் கொட்டும். பின்பக்க ஏசித் துவாரம் உள்ள கார் என்றால் நல்லது, இல்லையென்றால் கிளம்பும் முன் காரைக் குளிரவைத்து, பின்கண்ணாடிக்கு நிழல்திரை போடுங்கள். வெயிலில் நின்ற காரில் பக்கிளின் உலோகப் பகுதி தோலைச் சுடும் அளவுக்குக் கொதிக்கும், தொட்டுப் பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

காசு கட்டுவதற்கு முன்னால் சீட்டைக் கடைக்காரரிடம் கேட்டு உங்கள் காரிலேயே ஒருமுறை பொருத்திப் பாருங்கள். பெல்ட் போகும் இடத்தில் பிடித்து அசைத்தால் இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. சீட்டின் கால் ஊன்றும் தரையில் சில கார்களில் சாமான் வைக்கும் பள்ளத்துக்கு மூடி போட்டிருப்பார்கள். அந்த மூடி பாரம் தாங்காது என்பதால் அங்கே கால் வைத்த சீட்டைப் போடலாமா என்று காரின் கையேட்டில் பாருங்கள். பழைய சீட் வாங்குவதென்றால், விபத்தில் சிக்காதது என்று உறுதியாகத் தெரிந்த, உங்களுக்குப் பழக்கமானவர் வீட்டுச் சீட்டை மட்டும் வாங்குங்கள். ஓட்டில் விழுந்த நுண்விரிசல் துணியுறைக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாது.