யூனிட்டில் வாடகை, டன்னில் அபராதம்

சாய்ந்து கிடக்கும் டிப்பரைப் பார்க்கப் போனால் நான் முதலில் வண்டியைப் பார்க்க மாட்டேன். தரையைத்தான் பார்ப்பேன். போன ஐப்பசியில் சூளகிரி பக்கம் ஒரு மனைப்பிரிவில் பார்த்த தரை புதிதாகக் கொட்டி நிரவிய செம்மண். முந்தின ராத்திரி நல்ல மழை. பத்துச் சக்கர டிப்பரின் இடப்பக்கப் பின்சக்கரங்கள் முக்கால் அடி புதைந்திருந்தன. டிரைவர் பெட்டியைத் தூக்கத் தூக்க ஈர எம்-சாண்ட் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு இறங்காமல் நின்றிருக்கிறது. பாதி உயரம் தாண்டியதும் வண்டி அந்தப் பக்கமே படுத்துவிட்டது. டிரைவர் பிழைத்தது பெரிய விஷயம்.

உரிமையாளருக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் ஆபரேட்டராக இருந்தவர். வேலையை விட்டு வந்த பணத்தோடு மாந்தோப்பை அடமானம் வைத்து முன்பணம் கட்டி வண்டி எடுத்திருந்தார். லாரித் தொழிலில் முன்பின் பழக்கமில்லை.

"சார், ஃபுல் கவர் இன்சூரன்ஸ்தான். எல்லாம் வந்துரும் இல்ல?"

"எத்தனை யூனிட் லோடு தம்பி?"

"அஞ்சரை சார். எல்லாரும் அப்படித்தான போடறாங்க."

வாகன இழப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இன்சூரன்ஸ் கம்பெனி சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயரை அனுப்பியாக வேண்டும். அந்தச் சர்வேயர்தான் நான். கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டத்திலும் குவாரி, கிரஷர், மனைப்பிரிவு என்று சுற்றுகிறேன். என்னிடம் வரும் டிப்பர் கேஸ்களில் பெரும்பாலும் இந்த அஞ்சரைதான் இருக்கிறது. புதிதாக வண்டி வாங்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஊரில் ஜல்லி, எம்-சாண்ட், கிராவல் எல்லாமே யூனிட் கணக்கு. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. வாடகை பேசுவதும் யூனிட்டில், வீட்டுக்காரர் கேட்பதும் யூனிட்டில். ஆனால் ஆர்.சி. புத்தகத்தில் யூனிட் என்ற சொல்லே கிடையாது. அதில் இருப்பது கிலோ. பத்துச் சக்கர டிப்பருக்குச் சுமையோடு சேர்த்து மொத்த எடை சுமார் 28 டன். காலி வண்டியே பெட்டியோடு 11, 12 டன் வரும். மிச்சம் 16, 17 டன்தான் நீங்கள் ஏற்றலாம். எம்-சாண்ட் ஒரு யூனிட் ஏறக்குறைய நாலரை டன், மழையில் நனைந்தால் அதற்கும் மேல். வகுத்துப் பாருங்கள், மூன்றரை யூனிட் சொச்சத்தில் சட்டம் முடிந்துவிடும். பெட்டியோ அஞ்சு யூனிட்டுக்குக் குறையாமல் கொள்ளும். கண்ணுக்குப் பெட்டி நிரம்பாத மாதிரி தெரியும்போதே எடை தாண்டியிருக்கும். அஞ்சரை யூனிட் என்றால் ஏழு, எட்டு டன் கூடுதல். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. எட்டு டன் என்றால் 36,000. எத்தனை நடை வாடகை அது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி விற்கிறவர் காட்டும் லாபக் கணக்கு, பக்கத்து ஊர் டிப்பர்காரர் வாய்வழியாகச் சொல்லும் கணக்கு எல்லாமே இந்த அஞ்சு, அஞ்சரை யூனிட்டை வைத்துத்தான். மூன்றரை யூனிட்டில் டீசல், டிரைவர் சம்பளம், பேட்டா, டயர், டியூ எல்லாம் போக என்ன நிற்கும் என்று யாரும் போட்டுக் காட்டுவதில்லை. லோடோடு லிட்டருக்கு மூன்று, மூன்றரை கிலோமீட்டர் ஓடும் வண்டி இது. அந்தக் கணக்கில் லாபம் நிற்கவில்லை என்றால் வண்டி எடுக்காதீர்கள். போட்டிக்காரன் அதிகம் ஏற்றுகிறானே என்பீர்கள். நியாயமான வருத்தம்தான், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இன்சூரன்ஸுக்கு வருவோம். சரக்கு வாகன பேக்கேஜ் பாலிசியில் இழப்பீடு எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியலில் அதிக பாரத்தால் வந்த சேதம் என்று தெளிவாகவே இருக்கிறது. கம்பெனி கைவிரிக்க அந்த ஒரு வரி போதும். நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போய் வாதாடலாம். அதுவரை வண்டி ஷெட்டில் நிற்கும், டியூ நிற்காது.

ஃபுல் கவர் என்ற வார்த்தையே எனக்குப் பிடிக்காது. டயர், டியூப் சேதத்துக்குப் பாதிதான் தருவார்கள், அதுவும் வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான். ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களில் பாதி கழியும். இரும்புப் பாகங்களுக்கு வயதுக்கேற்பக் கழிவு உண்டு. வண்டிக்கு ஐந்து வயது தாண்டினால் நாற்பது சதவீதம் போய்விடும். பாலிசியில் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளும் ஐ.எம்.டி. 23 என்ற பிரிவு ஒன்று இருக்கிறது. முகப்பு விளக்கு, மட்கார்டு, பம்பர், பெயின்ட் மாதிரியான சேதங்களுக்கு அது வேண்டும். ஏஜென்ட் பிரீமியத்தைக் குறைத்துக் காட்ட முதலில் வெட்டுவது இதைத்தான். பாலிசி கைக்கு வந்ததும் அந்த எண் இருக்கிறதா என்று தேடுங்கள்.

சாய்கிற விஷயத்தை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் கவிழும் டிப்பரைவிட நின்ற இடத்தில் பெட்டி தூக்கும்போது சாயும் டிப்பரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். மேடு பள்ளத்தில், புது மண்ணில், கிணற்று ஓரத்தில், ஏரிக்கரையில் தூக்கக் கூடாது. ஒரு பக்க டயரில் காற்று குறைந்திருந்தாலே பெட்டியின் உச்சியில் அது பெரிய சாய்வாகிவிடும். பின்கதவுக் கொக்கி திறந்ததை இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். லோடு ஒட்டிக்கொண்டால் வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி உதறுவார்கள். அதுதான் எமன். பெட்டியை இறக்கிவிட்டு மண்வெட்டியால் தள்ளச் சொல்லுங்கள்.

தலைக்கு மேலே ஈ.பி. கம்பி இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆள் கீழே நிற்க வேண்டும். பெட்டி கம்பியில் பட்டுவிட்டால் டிரைவர் கேபினுக்குள்ளேயே இருக்க வேண்டும். தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டும் என்றால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், கால்களைச் சேர்த்துக் குதிக்க வேண்டும். காலி பெட்டியைத் தூக்கியபடியே ரோட்டுக்கு ஏறுகிறவர்களும் உண்டு.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு வேறு தலைவலி. பாலக்கோடு பக்கம் ஒருவர் பணம் கொடுத்து வண்டியை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஆர்.சி. பழைய உரிமையாளர் பெயரில், பாலிசியும் அவர் பெயரில். எட்டு மாதம் கழித்து ராயக்கோட்டை ரோட்டில் மோதல். வண்டி யாருடையது என்ற கேள்வியிலேயே சேதக் கோரிக்கை நின்றுபோனது. பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றையும் கையோடு பாருங்கள். எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு ஆண்டுதோறும்.

டிரைவர் லைசென்ஸை ஜெராக்ஸில் பார்க்காதீர்கள், பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். கார் லைசென்ஸோடு 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டி ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பாதியாகக் கேட்டுவிட்டு, பத்துச் சக்கரத்துக்கும் அது பொருந்தும் என்று வாதாடியவரை நான் சந்தித்திருக்கிறேன். டிப்பருக்கு ஹெவி லைசென்ஸ்தான். அது இல்லாமல் ஆள்மீது ஏறிவிட்டால், கம்பெனி நஷ்டஈட்டைக் கட்டிவிட்டு உங்களிடம் வசூலிக்க வரும். கோயில் திருவிழாவுக்கு ஊர்ச்சனத்தைப் பெட்டியில் ஏற்றி அனுப்புவதும் இதே வகைதான். அவர்களுக்கு உங்கள் பாலிசியில் இடமில்லை.

குவாரியிலிருந்து சரக்கு எடுத்துப்போக ஒவ்வொரு நடைக்கும் வாங்கும் நடைச்சீட்டு என் தொழிலுக்கு வெளியே. ஆனால் பறிமுதலான வண்டிக்கு இன்சூரன்ஸ் கிடைக்குமா என்று கேட்டு வருகிறார்கள். கிடைக்காது. ஒரே சீட்டில் இரண்டு நடை அடிப்பது, விவசாயத்துக்கு அனுமதி வாங்கிய ஏரி வண்டல் மண்ணை மனைக்குக் கொண்டுபோவது எல்லாம் கனிமச் சட்டத்தில் வரும். ஐந்தாண்டு வரை சிறை, வண்டியையே அரசு எடுத்துக்கொள்ளவும் வழி உண்டு. காவல் நிலைய வளாகத்தில் செடி முளைத்து நிற்கும் டிப்பர்களைப் பார்த்திருப்பீர்கள்.

தை மாதம் பர்கூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கணவருக்கு டிப்பர் ஆசை, இவருக்குப் பயம். "நீங்களே சொல்லுங்கண்ணா, வாங்கலாமா?" என்றார். எனக்குத் தெரியாது, ஒரு கிரஷர் எடை மேடைப் பக்கம் பத்து நாள் உட்கார்ந்து வண்டிகளை எழுதுங்கள் என்று அனுப்பினேன். கோடு போட்ட நோட்டோடு திரும்பி வந்தார். காலி எடை, லோடு எடை, உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் என்று வரிசையாக எழுதியிருந்தார். ஒரு நாளைக்கு ஐந்து நடை என்று கணவரிடம் சொன்னார்களாம். நோட்டில் மூன்றைத் தாண்டியவை கொஞ்சம்தான்.

"ஒவ்வொரு வண்டியும் வாசல்ல ரெண்டு மணி நேரம் நிக்குதுண்ணா. அந்த ரெண்டு மணி நேரத்துக்கு யாரும் வாடகை தர மாட்டாங்களா?"

பதினெட்டு வருஷத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான்.