"அவருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது" என்று இனி என்னிடம் சொல்லாதீர்கள்

போன மாதம் வந்த ரெஃபரலில் ஒரே வரிதான். சாப்பாட்டைப் பறிக்கிறார், வேகமாக விழுங்குகிறார், புரையேறுகிறது, பார்த்துச் சொல்லவும். ஆளுக்கு 72 வயது, நியூயார்க்கில் ஒரு குரூப் ஹோமில், அதாவது அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் சிலர் ஸ்டாஃப் உதவியோடு சேர்ந்து வாழும் வீட்டில், இருக்கிறார். நான் ஸ்பீச் தெரபிஸ்ட். திக்குவாய்க்குப் பயிற்சி கொடுப்பவள் என்றுதான் நம் ஆட்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் என் வேலை நாளில் பாதிக்கு மேல் மற்றவர்கள் விழுங்குவதைப் பார்ப்பதிலேயே போகிறது.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் எதிரே உட்கார்ந்தேன். தட்டு மேஜையில் வைக்கப்பட்டதும் இடது கையை வளைத்துத் தட்டைச் சுற்றி வேலி மாதிரி வைத்துக்கொண்டார். தலை தட்டுக்கு மேல் கவிழ்ந்தது. ஒரு வாய் உள்ளே போவதற்குள் அடுத்த ஸ்பூன் உதட்டருகே வந்துவிடுகிறது. மெல்வதே இல்லை, மெல்ல மேல் வரிசையில் பல்லும் இல்லை. மூன்று நிமிடத்துக்குள் தட்டு காலி. அப்புறம் பக்கத்தில் இருந்தவரின் ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, குனிந்து சாக்ஸுக்குள் செருகினார்.

ஃபைலில் இதற்குப் பெயர் "உணவுத் திருட்டு". அதற்கு ஒரு பிஹேவியர் பிளான் (நடத்தையைத் திருத்தும் திட்டம்), அந்தப் பிளானில் ஒரு மருந்து. இவர் சின்ன வயதில் எங்கே இருந்தார் என்று கேட்டேன். வீட்டு மேனேஜர், சின்னப் பெண், நல்ல பெண்தான், நிறையத் தாள்களைப் புரட்டி "வில்லோபுரூக்" என்ற ஒற்றை வார்த்தையைக் காட்டினாள். கூடவே, "அதெல்லாம் ரொம்ப வருஷம் முன்னாடி. அவருக்கு என்ன ஞாபகம் இருக்கப்போவுது?" என்றாள்.

இந்தக் கேள்வியை நர்ஸ் கேட்டிருக்கிறார், டாக்டர் கேட்டிருக்கிறார், கூடப் பிறந்த அண்ணனே கேட்டிருக்கிறார். நானும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகப் பதில் சொல்லிப் பார்த்துவிட்டேன். அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

வில்லோபுரூக் ஸ்டேட் ஸ்கூல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்தது. பெயரில் மட்டும் ஸ்கூல். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக மாநில அரசு நடத்திய இடம், 4,000 பேருக்காகக் கட்டியது, 1965 வாக்கில் 6,000 பேருக்கு மேல் அடைத்து வைத்திருந்தார்கள். அந்த வருடம் அங்கே போய்ப் பார்த்த செனட்டர் ராபர்ட் கென்னடி வெளியே வந்து பாம்புக்குழி என்றார். அதற்கப்புறமும் ஏழு வருடம் ஒன்றும் பெரிதாக மாறவில்லை. 1972-ல்தான் ஜெரால்டோ ரிவேரா என்ற இளம் தொலைக்காட்சி நிருபர் கேமராவோடு உள்ளே நுழைந்தார். வழி சொன்னவர் மைக்கேல் வில்கின்ஸ், அங்கேயே வேலை பார்த்த டாக்டர், அப்போதுதான் அவரை வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு ஊட்ட அங்கே எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ரிவேரா கேட்டபோது, இரண்டு மூன்று நிமிடம் என்றார் வில்கின்ஸ். அதன் விளைவு நிமோனியாவில் சாவு என்றும் சொன்னார். அவசரமாகத் திணித்த சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நுரையீரலைக் கெடுக்கும், என் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

மூன்று நிமிடம். நான் பார்த்ததும் அதேதான்.

இந்த மனிதர் 1959-ல் ஐந்து வயதில் உள்ளே போனவர், 1978-ல் வெளியே வந்தவர். பத்தொன்பது வருடம், நாளைக்கு மூன்று வேளை என்றால் இருபதாயிரம் சாப்பாட்டுக்கு மேல் ஆகிறது. இருபதாயிரம் முறை பயின்ற ஒன்றை அவர் மறந்திருப்பார் என்று எப்படித்தான் நினைக்க முடிகிறது? அவருடைய ஞாபகம் அந்த இடது கையில் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தவருக்குத் தெரியும்.

ஒரே ஒரு மோசமான இடம், ஏதோ தப்பித் தவறி நடந்துவிட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 1967-ல் அமெரிக்கா முழுக்க இப்படிப்பட்ட அரசு நிறுவனங்களில் கிட்டத்தட்ட 1,95,000 பேர் இருந்தார்கள். பென்சில்வேனியாவில் பென்ஹர்ஸ்ட், 1908 முதல் 1987 வரை. மாசசூசெட்ஸில் ஃபெர்னால்ட், தொடங்கியது 1848-ல், கடைசி ஆள் வெளியேறி மூடப்பட்டது 2014-ல்தான். அந்த ஃபெர்னால்டில்தான் 1940-களிலும் 50-களிலும் பையன்களைச் "சயின்ஸ் கிளப்" என்று சொல்லிச் சேர்த்து, கதிரியக்கம் கலந்த ஓட்ஸ் கஞ்சியைக் கொடுத்துச் சோதனை செய்தார்கள். வில்லோபுரூக் பெற்றோர்கள் போட்ட வழக்கில் 1975-ல் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட ஒப்புதல் தீர்ப்பு வந்தது, 1987-ல் இடத்தை மூடினார்கள். இப்போது அந்த வளாகத்தில் ஒரு கல்லூரி நடக்கிறது.

சரி, என்னை அதிகம் எரிச்சல்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "மனவயது மூன்று." பழைய ஃபைல்கள் எல்லாவற்றிலும் இது இருக்கும், அதைப் படித்தவர்கள் எல்லாரும் மூன்று வயதுக் குழந்தை ஒன்று பெரிய உடம்புக்குள் உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். மனவயது என்பது ஒரு பரீட்சை மதிப்பெண், அவ்வளவுதான். இந்தக் கேள்விகளில் இத்தனைக்கு இவர் விடை சொன்னார், சராசரியாக மூன்று வயதுப் பிள்ளையும் இத்தனைக்கு விடை சொல்லும் என்ற ஒப்பீடு. எத்தனை வருடம் வாழ்ந்தார் என்பதை அது அளப்பதில்லை, யாரை இழந்தார் என்பதையும் அளப்பதில்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கு மூன்று வருட வாழ்க்கைதான் இருக்கிறது, 72 வயதுக்காரருக்கு 72 வருடம் இருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை பக்கத்துக் கட்டிலில் இருந்தவன் செத்துப்போனதைப் பார்த்திருக்காது. இருபது வருடம் ஒரு வார்டில் யார் நல்ல ஆள், யார் கை நீட்டுகிற ஆள் என்று காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கக் கற்றிருக்காது. பரீட்சையில் அதற்குக் கேள்வி கிடையாது, அதனால் மதிப்பெண்ணும் கிடையாது.

இன்னொன்று, ஞாபகம் வேறு, அதைச் சொல்லத் தெரிவது வேறு. பக்கவாதம் வந்து பேச்சுப் போன ரிட்டையர்டு புரொபசரும் என்னிடம் வருகிறார். ஒரு வார்த்தை வராது. அவருக்குத் தன் கல்யாணம் மறந்திருக்கும் என்று யாராவது சொல்வார்களா? சொல்லமாட்டார்கள். பேச்சே வந்திராத இவர் விஷயத்தில் மட்டும் கூசாமல் சொல்லிவிடுகிறார்கள்.

பெர்னார்ட் கரபெல்லோவின் கதையை இந்த இடத்தில் எல்லாரும் எடுத்துவிடுவார்கள். செரிப்ரல் பால்சி (மூளை பாதிப்பால் தசைகள் சொன்னபடி கேட்காத நிலை) உள்ளவர், பேச்சு தெளிவாக இராது, அதனால் அறிவுசார் குறைபாடு என்று தவறாக முத்திரை குத்தி 18 வருடம் வில்லோபுரூக்கில் வைத்திருந்தார்கள். 1972-ல் கேமரா முன் அவரே பேசினார், பிறகு உரிமைகளுக்காக வாழ்நாளெல்லாம் உழைத்தார். இதைச் சொன்னதும் கேட்பவர்கள், "பாவம், அவருக்கு அறிவு சரியாத்தானே இருந்துச்சு" என்று உச்சுக்கொட்டுவார்கள். எனக்கு அங்கேதான் இன்னும் கோபம் வரும். அப்போது அறிவு "சரியாக" இல்லாத மற்ற ஐயாயிரம் சொச்சம் பேரை அப்படி வைத்திருந்தது பரவாயில்லையா?

இன்னொரு அம்மாள், டவுன் சிண்ட்ரோம், அறுபதை நெருங்கும் வயது, அல்சைமர் தொடங்கிவிட்டது (இவர்களுக்கு அது சீக்கிரமே வரும், பலருக்கு ஐம்பதுகளிலேயே). ராத்திரியில் ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். ஸ்டாஃப் "இல்லாத ஆளோடு பேசுகிறார்" என்று எழுத, மனநல மருந்தைக் கூட்டும் பேச்சு ஆரம்பமாகிவிட்டது. என்னிடம் அனுப்பியது தொண்டையைப் பார்க்கத்தான். துண்டு மடிக்கும்போது கவனித்தேன், இரண்டு அடுக்கு வைக்கிறார், ஒன்று தன் முன்னால், ஒன்று காலி நாற்காலியின் முன்னால். அவருடைய அக்காவுக்குப் போன் போட்டேன். அந்தப் பெயர் வார்டில் அடுத்த கட்டிலில் இருந்த பெண்ணுடையது, இரண்டு பேரும் லாண்டரியில் சேர்ந்து துண்டு மடித்தவர்கள். அவர்கள் இருந்த நிறுவனத்தை மூடும்போது எந்த ஊர் வீட்டில் கட்டில் காலியோ அங்கே ஆளை அனுப்பினார்கள், யார் யாருக்குச் சிநேகிதி என்று கேட்க எந்த ஃபாரத்திலும் கட்டம் இல்லை. இல்லாத ஆள் இல்லை அது. நாம்தான் இல்லாமல் பண்ணினோம். அந்த அம்மாள் "வீட்டுக்குப் போகணும்" என்றால் அந்த வார்டைத்தான் சொல்கிறார் என்பதும் உண்மை. அதைக் கேட்டுவிட்டு, "பார்த்தீங்களா, அந்த இடம் நல்லாத்தான் இருந்திருக்கு" என்று தயவுசெய்து ஆரம்பித்துவிடாதீர்கள்.

எதிர்த் திசையிலும் ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். எதற்கெடுத்தாலும் "பழைய காயம்" என்று தலையை ஆட்டுவதும் அதே சோம்பேறித்தனம்தான். முதலில் வலியைப் பாருங்கள். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், ஈறு. வயிற்றுப் புண்ணை உண்டாக்கும் ஹெச். பைலோரி கிருமி இப்படி நெருக்கியடித்து வாழ்ந்தவர்களிடம் ரொம்ப சகஜம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு கத்துபவரின் வயிற்றைப் பார்க்காமல் மனதைப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். பல வருடம் கொடுத்த மனநல மருந்துகளே விழுங்குவதைக் கெடுக்கும், அந்தப் பட்டியலையும் கேளுங்கள்.

இந்த வேலையில் இருக்கிற நம் ஆட்களுக்கு, நர்ஸோ, டாக்டரோ, வீட்டு ஸ்டாஃபோ, கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். ஆமாம்-இல்லை கேள்வி கேட்காதீர்கள். "அங்கே அடிச்சாங்களா?" என்றால் ஆமாம் என்பார், "நல்லாப் பார்த்துக்கிட்டாங்களா?" என்றாலும் ஆமாம் என்பார், ஆமாம் என்றால் அடி விழாது என்பது அங்கே கற்ற பாடம். "எந்த பில்டிங்ல இருந்தீங்க?" என்று கேளுங்கள், வருடம் தெரியாதவருக்கும் பில்டிங் நம்பர் தெரியும், பக்கத்துக் கட்டில் தெரியும், சாவிக்கொத்து யாரிடம் இருந்தது என்பது தெரியும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணுங்கள், மனதுக்குள். நாலிலேயே நீங்கள் பேச ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

சாப்பிடுபவரின் முதுகுப் பக்கம் நிற்காதீர்கள். பின்னாலிருந்து "மெதுவா, மெதுவா" என்று கத்தினால் இன்னும் வேகமாகத்தான் உள்ளே தள்ளுவார். எதிரே உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். தட்டை "அப்புறம் தர்றேன்" என்று எடுத்தீர்களோ, அத்தோடு போச்சு. பயந்துபோய் எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்துக் கூழாக்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் அங்கே நடந்ததுதான்.

ஓர் இடத்தில் புது ஸ்டாஃபுக்குப் பயிற்சி என்று ரிவேரா எடுத்த அந்த 1972 வில்லோபுரூக் படத்தை வீட்டு ஹாலிலேயே சத்தமாகப் போட்டிருந்தார்கள். வில்லோபுரூக்கில் வாழ்ந்த ஆள் பக்கத்து அறையில் சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அன்று சாயந்திரம் அவர் எதையும் சாப்பிடவில்லை, "காரணம் தெரியவில்லை" என்று பதிவேட்டில் எழுதியிருந்தார்கள். படம் காட்டுங்கள், கட்டாயம் காட்டுங்கள், ஆபீஸில் கதவைச் சாத்திக்கொண்டு.

பெற்றோரைத் திட்டாதீர்கள். அன்றைக்கு எத்தனையோ பேரிடம் டாக்டர்களே சேர்த்துவிடச் சொன்னார்கள், இந்தப் பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூட உரிமை உண்டு என்று நாடு முழுவதற்குமான சட்டம் வந்ததே 1975-ல்தான். ஆனால் அண்ணன், அக்கா யாராவது இருந்தால் இந்த வாரமே போன் போடுங்கள், அவர்களுக்கும் எண்பது ஆகிக்கொண்டிருக்கிறது. அவர்கள் சொல்வதை ஒரே ஒரு பக்கம் எழுதி ஃபைலின் முன்னால் வையுங்கள், நாற்பதாவது பக்கத்தில் ஒற்றை வார்த்தையாக அல்ல.

அப்புறம், பென்ஹர்ஸ்ட் கட்டடங்களில் 2010 முதல் ஹாலோவீன் பேய்வீடு நடக்கிறது, டிக்கெட் போட்டு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகத் திட்டம் போட்டிருந்தால், வேறு எத்தனையோ பேய்வீடுகள் இருக்கின்றன, கெஞ்சிக் கேட்கிறேன், அங்கே மட்டும் வேண்டாம்.

என் 72 வயதுக்காரர் விஷயத்தில், சின்ன ஸ்பூன், சாப்பாடு மூன்று சிறு தட்டுகளாக ஒவ்வொன்றாக, எதிரே ஓர் ஆள் என்று எழுதிக் கொடுத்தேன். கூடவே அவர் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் மூடி போட்ட புட்டிங் கப் மூன்று எப்போதும் இருக்க வேண்டும், குறைந்தால் உடனே நிரப்ப வேண்டும், டிராயருக்குப் பூட்டு கூடாது என்றும். முதல் வாரம் ஒரே நாளில் மூன்றையும் முடித்தார், நான்கு தடவை நிரப்பினோம். இப்போது சாப்பிடக் கூப்பிட்டால் முதலில் அறைக்குப் போகிறார், டிராயரைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார், மூடிவிட்டு வந்து உட்காருகிறார். போன செவ்வாய்க்கிழமை பதினொரு நிமிடம் சாப்பிட்டார். இடது கை இன்னும் தட்டைச் சுற்றித்தான் இருக்கிறது, அதை எடுக்கச் சொல்லி யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

"உணவுத் திருட்டு" என்ற வார்த்தையை ஃபைலிலிருந்து எடுக்கச் சொல்லி இரண்டு தடவை மெயில் போட்டாகிவிட்டது. இன்னும் எடுக்கவில்லை. அடுத்த மீட்டிங் வியாழக்கிழமை.