கொழுக்குமலைப் படத்தில் மூடுபனியை எவ்வளவு விடுவது?

கொழுக்குமலை தேனி மாவட்டம், தமிழ்நாட்டு மண். ஆனால் ஜீப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான் ஏறுகிறது. விடியுமுன் குலுங்கிக் குலுங்கி மேலே போய் நிற்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே படத்தை எடுக்கிறார்கள்: கீழே சமவெளியை மூடிக்கிடக்கும் மேகம், அதன் விளிம்பில் சூரியன், காலடியில் தேயிலை. வீட்டில் கணினியில் திறந்தால் வானம் வெள்ளைத்தாளாக இருக்கும், இல்லாவிட்டால் தேயிலை கரிக்கட்டையாக இருக்கும். அப்புறம் எடிட்டிங் மென்பொருளைத் திறந்து, கண்ணில் பட்ட ஸ்லைடரையெல்லாம் இழுத்துப் பார்த்து, அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் மூடிவிடுவது வழக்கம்.

அந்த அலுப்பு குருட்டாம்போக்கில் இழுப்பதால் வருவது. ஒவ்வொரு ஸ்லைடரும் கோப்பிலிருக்கும் எண்களை வைத்துப் பள்ளிக்கூடக் கணக்கு ஒன்றைப் போடுகிறது. பெரும்பாலும் பெருக்கல், கழித்தல், வகுத்தல். எது எந்தக் கணக்கு என்று பிடிபட்டுவிட்டால், இழுக்குமுன்பே என்ன ஆகும் என்று ஊகிக்கலாம். ஊகம் பலித்ததா என்று பார்ப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் ருசி.

கேமரா சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் மழைக்கு முற்றத்தில் வைத்த குடம் மாதிரி. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் விழும் ஒளித்துகள்கள் அதில் எலெக்ட்ரான்களாகச் சேர்கின்றன. மூடியதும் எவ்வளவு சேர்ந்தது என்று அளந்து ஓர் எண்ணாக எழுதிவைக்கிறது கேமரா. இரண்டு மடங்கு ஒளி என்றால் இரண்டு மடங்கு எண். 14 பிட் கேமராவில் இதற்கு 16,384 படிகள் உண்டு. குடம் நிரம்பிவிட்டால் அதற்குமேல் பெய்தது எவ்வளவு என்பதற்குக் கணக்கே இல்லை; சூரியனைச் சுற்றி வெளுத்துப்போன இடம் அப்படி வழிந்துபோன குடங்கள்தான். எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது, பக்கத்துக் குடத்தைப் பார்த்து ஊகிக்கத்தான் முடியும்.

படம் எடுப்பவர்கள் ஒளியை ஸ்டாப் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஸ்டாப் ஏறினால் ஒளி இரட்டிப்பு, இறங்கினால் பாதி. இங்கேதான் சூட்சுமம். 16,384 படிகளில் மிகப் பிரகாசமான ஒரே ஒரு ஸ்டாப் 8,192 படிகளை எடுத்துக்கொள்கிறது. அடுத்ததற்கு 4,096, அதற்கடுத்து 2,048. இப்படியே இறங்கி எட்டாவது ஸ்டாப்புக்கு வரும்போது மிஞ்சுவது 64 படிகள். தேயிலைச் செடியின் அடி நிழல் கிடப்பது அந்த 64-க்குள். வானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று மூன்று ஸ்டாப் இருட்டாக எடுத்தால் அதே நிழல் 8 படிகளுக்குள் போய் ஒடுங்கிவிடும். ஜேபெக் கோப்பில் நிலைமை இன்னும் மோசம்: எட்டே பிட், ஒரு நிறத்துக்கு மொத்தமே 256 படிகள். அதில் நிழலைத் தூக்கினால் திட்டுத்திட்டாக உடைவதற்குக் காரணம் இதுதான். எடிட் செய்யும் எண்ணம் இருந்தால், கேமரா அளந்த எண்களை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுக்க வேண்டும். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் கைபேசிகளிலும் டிஎன்ஜி என்ற ரா வடிவத்துக்கு வழி இருக்கிறது.

எவ்வளவு குறைத்து எடுப்பது? சூரியனின் வட்டம் வழிந்தால் வழியட்டும். சுற்றியுள்ள வானமும் மேகத்தின் மேற்பரப்பும் வழியாத அளவுக்குக் குறைத்தால் போதும். பின்திரையில் வெளிச்ச அளவுகளின் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராமின் வலது ஓரம் பார்த்து முடிவு செய்யலாம். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் அந்த வரைபடம் ஜேபெக் முன்னோட்டத்திலிருந்து வரைவது. ராவில் இடம் மிச்சமிருக்கும்போதே அது "வழிந்தது" என்று அலறும். கொஞ்சம் பயமுறுத்துகிற நண்பன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பச்சைப் படமும் மஜெந்தாச் சூரியனும்

சென்சாருக்கு நிறம் தெரியாது, ஒளியின் அளவு மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பிக்சலுக்கு மேலும் ஒரு வண்ண வடிகட்டி ஒட்டியிருக்கிறார்கள். நாலு பிக்சலுக்கு இரண்டு பச்சை, ஒரு சிவப்பு, ஒரு நீலம். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் உருவாக்கி, 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இதுதான். அப்படியானால் ஒரு பிக்சலில் உண்மையாக அளந்தது ஒரு நிறம்தான். மற்ற இரண்டும் பக்கத்துப் பிக்சல்களைப் பார்த்து மென்பொருள் போட்ட மதிப்பீடு. இப்படிப்பட்ட கேமராவில் எடுத்த எந்த டிஜிட்டல் படத்திலும் வண்ணக் கணக்கில் மூன்றில் இரண்டு பங்கு ஊகம்! அந்த ஊகத்தை நன்றாகப் போடுவதுதான் ரா மென்பொருளின் முதல் வேலை.

அந்த நிலையில் படம் பச்சையடித்துக் கிடக்கும். ஒயிட் பேலன்ஸ் என்பது சிவப்பையும் நீலத்தையும் பெருக்கி அதைச் சரிக்கட்டுவது. பகல் வெளிச்சத்துக்குப் பல கேமராக்களில் சிவப்பை ஏறக்குறைய 2 ஆலும், நீலத்தை 1.5 ஆலும் பெருக்குவார்கள், பச்சை அப்படியே இருக்கும். இதை வைத்துப் பார்த்தால் சூரியனைச் சுற்றிச் சில படங்களில் வரும், சிவப்பும் நீலமும் கலந்த மஜெந்தா வளையத்துக்கு விடை கிடைக்கும். மூன்று குடமும் நிரம்பிய இடத்தில் மூன்று எண்ணும் சமம். அதில் சிவப்பையும் நீலத்தையும் மட்டும் பெருக்கினால் மஜெந்தா பிறக்கிறது. ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷன் என்ற பெயரில் இருக்கும் கருவி இந்த இடத்துக்கானது. அதை விட்டுவிட்டு சாச்சுரேஷனை, அதாவது நிறச்செறிவை, குறைத்து வளையத்தை மறைக்கப் போனால் விடியலின் ஆரஞ்சும் சேர்ந்து செத்துப்போகும்.

ஆட்டோ ஒயிட் பேலன்ஸும் விடியலுக்கு எதிரிதான். படத்தின் நிறங்கள் ஒட்டுமொத்தமாகச் சாம்பலில் முடிய வேண்டும் என்கிற மாதிரி அது கணக்குப் போட்டு, ஆரஞ்சை "பிழை" என்று நினைத்துக் கழித்துவிடும். ஒயிட் பேலன்ஸை 5,200 முதல் 5,500 கெல்வினில் நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஐட்ராப்பரை எடுத்து மூடுபனிமேல் வைத்து "இதுதான் வெள்ளை" என்று சொல்லிவிடக் கூடாது. அந்நேரத்துப் பனி வெள்ளையே இல்லை, சூரியனின் நிறத்தைத்தான் அது உடுத்தியிருக்கிறது. ஐட்ராப்பர் அடித்த மறுகணம் காலை ஆறரை மணி நண்பகல் ஆகிவிடும்.

எக்ஸ்போஷர் ஸ்லைடர் நேர்மையானது: +1 என்றால் எல்லா எண்ணையும் 2 ஆல் பெருக்கு, +2 என்றால் 4 ஆல். அடுத்து வருவது வளைவு, அதாவது நேர் எண்களைக் கண்ணுக்கேற்ற வெளிச்சமாக மாற்றும் கோடு. 18 சதவீத ஒளியைத் திருப்பும் சாம்பல் அட்டையை நம் கண் ஏறக்குறைய நடுத்தர வெளிச்சமாகப் பார்க்கிறது. நேர்க்கணக்கில் அது 255-க்கு 46. திரைகளுக்கான பொது நிற முறையான எஸ்ஆர்ஜிபியின் வளைவில் ஏற்றினால் 118. ரா படம் முதலில் இருட்டாகத் தெரிந்தால் காரணம் இந்த வளைவு ஏறாததுதான். டார்க்டேபிள் என்ற ரா மென்பொருளில் உள்ள ஃபில்மிக், சிக்மாய்ட் மாட்யூல்கள் (கருவிகள்) இதே வேலையைத்தான் மேலும் கீழும் மென்மையாக மடக்கிச் செய்கின்றன. அதனால் முதலில் எக்ஸ்போஷரைத் தேயிலைக்குச் சரியாக வையுங்கள், வானம் வெளுத்தாலும் பதற வேண்டாம். பிறகு வளைவின் மேல்முனையை இழுத்து வானத்தை உள்ளே கொண்டுவாருங்கள். வரிசை மாறினால் இரண்டையும் மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

பனியைக் கழிப்பது

மலைப் படக்காரர்கள் எல்லோரும் கை வைக்கும் கருவி, பனியைக் கழிக்கும் டீஹேஸ். அதிகம் கெடுப்பதும் அதுதான்.

மூடுபனித் துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை. அதனால் நீலம், சிவப்பு என்று பாகுபாடு பார்க்காமல் எல்லாவற்றையும் சிதறடிக்கின்றன. பனியின் வெண்மை இதிலிருந்து வருகிறது. அதன் வழியே மலையைப் பார்க்கும்போது இரண்டு காரியம் ஒருசேர நடக்கிறது: மலையிலிருந்து வரும் ஒளி குறைகிறது, பனியின் ஒளி கூடுகிறது. தூரத்துச் சரிவில் தேயிலையின் இருட்டுப் பகுதி 0.05, வெளிச்சப் பகுதி 0.25 என்று வையுங்கள். பனியின் பிரகாசம் 0.8, மலையொளியில் 30 சதவீதம்தான் நம்மை எட்டுகிறது. கேமராவுக்கு வருவது 0.05 × 0.3 + 0.8 × 0.7, அதாவது 0.575. மற்றது 0.635. 0.20 ஆக இருந்த வேறுபாடு 0.06 ஆகிவிட்டது. சரிவு மங்கித் தெரிவதன் முழுக் கணக்கும் இவ்வளவுதான்.

இதைத் திருப்பிப் போடலாம்: பனி கூட்டிய 0.56-ஐ (0.8 × 0.7) கழி, 0.3-ஆல் வகு. ஆனால் எவ்வளவு பனி என்று படத்தைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிப்பது? 2009-இல் கைமிங் ஹே, ஜியான் சுன், சியாவ்ஊ டாங் ஆகிய ஆய்வாளர்கள் அழகான வழி ஒன்றைச் சொன்னார்கள். பனியில்லாத வெளிப்புறப் படத்தில், வானம் தவிர்த்து, எந்தச் சிறு பகுதியை எடுத்தாலும் மூன்று நிறங்களில் ஏதாவது ஒன்று எங்காவது பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். இலையில் நீலம் இருக்காது, நிழலில் எதுவுமே இருக்காது. அப்படி இல்லாமல் மிகக் குறைந்த எண்கூட உயரமாக நின்றால், அந்த உயரம் பனி போட்டது. டார்க்டேபிளின் பனி நீக்கும் மாட்யூல் இந்த வழியில்தான் நடக்கிறது.

எங்கே கெடும் என்பதையும் அந்த ஊகமே சொல்லிவிடுகிறது. வெள்ளையான எதுவும் அதற்குப் பனி. கீழே கிடக்கும் மேகக்கடல், வெள்ளைச் சுவர், கொழுந்து பறிப்பவர் தலையில் கட்டிய வெள்ளைத் துண்டு எல்லாம் அழுக்குச் சாம்பலாக மாறும். வகுத்தல் இருப்பதால் புள்ளி நாய்ஸும் பெருகும்: 0.3-ஆல் வகுத்தால் மூன்று மடங்குக்கு மேல், 0.1-ஆல் வகுத்தால் பத்து மடங்கு. ஆகவே முழுப் படத்துக்கும் போடாமல், நடுவிலுள்ள தேயிலைச் சரிவை மட்டும் மாஸ்க் போட்டு, 100-க்கு 15 முதல் 25 வரை கொடுத்துப் பாருங்கள். தொலைவிலுள்ள முகடுகளைத் தொடவே வேண்டாம். பனி தூரத்தோடு பெருக்கலில் குறைக்கிறது: 100 மீட்டரில் பாதி ஒளி வந்தால் 200 மீட்டரில் கால், 300-இல் அரைக்கால். முகடு ஒன்றன்பின் ஒன்றாக வெளுத்துக்கொண்டே போவதை வைத்துத்தான் கண் ஆழத்தை அளக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கினால் மலைத்தொடர் வெட்டி ஒட்டிய அட்டை. அதோடு, பனியையே துடைத்துவிடுவதாக இருந்தால் அந்த ஜீப்பில் ஏறியிருக்க வேண்டிய அவசியம் என்ன?

நாய்ஸும் கேமராவின் குறை மட்டுமில்லை. ஒளி துகள்துகளாக வருவதால், சராசரியாக 100 துகள் விழும் பிக்சலில் ஏற்றத்தாழ்வு சுமார் 10, அதாவது 10 சதவீதம். 10,000 விழுந்தால் 100. வெறும் 1 சதவீதம். நிழலைத் தூக்கியதும் புள்ளிகள் கிளம்புவது இதனால்தான். ஸ்டாண்டில் வைத்து நாலு படம் எடுத்துச் சராசரி கண்டால் நாய்ஸ் பாதியாகும், ஆனால் காற்றில் ஆடும் கொழுந்து மங்கிப்போகும். நாய்ஸ் குறைப்பதை முதலிலும் ஷார்ப்பனிங்கை அதற்குப் பிறகும் செய்ய வேண்டும். மாற்றிச் செய்தால் புள்ளியைக் கூர்தீட்டிவிட்டு அப்புறம் அழிக்கப் போராடுவீர்கள். ஷார்ப்பனிங் என்பது படத்திலிருந்து அதன் மங்கல் நகலைக் கழித்து, மிஞ்சிய விளிம்பைத் திரும்பச் சேர்ப்பது. ஆரம் 0.8 முதல் 1 பிக்சல் போதும். 3-க்குப் போனால் முகட்டுக்கும் வானத்துக்கும் நடுவே வெள்ளைக்கோடு ஓடும்.

தேயிலைப் பச்சைக்கு சாச்சுரேஷன் வேண்டாம். கொழுந்து மஞ்சள் கலந்த பச்சை, முத்தல் இலை கரும்பச்சை. கூட்டினால் இரண்டும் ஒரே பிளாஸ்டிக் நிறம். பச்சையின் வெளிச்சத்தை மட்டும் சிறிது குறைத்தாலே நிறம் அடர்ந்து தெரியும்.

இவ்வளவையும் காசில்லாமல் டார்க்டேபிள், ராதெரபி இரண்டிலும் செய்யலாம். எந்த ரா மென்பொருளும் மூலக் கோப்பைத் தொடுவதில்லை, "எக்ஸ்போஷர் +1.3, பனி 20" என்று கட்டளைகளை மட்டும் பக்கத்தில் சிறு கோப்பாகவோ தன் பட்டியலிலோ எழுதிவைக்கும். துணிந்து கெடுத்துப் பழகலாம். கடைசியாக வெளியே எடுக்கும்போது நீள்பக்கம் 2,048 பிக்சல், தரம் 85 முதல் 90, வண்ணவெளி எஸ்ஆர்ஜிபி. அதைவிட அகலமான அடோப் ஆர்ஜிபியில் விட்டால் அதைப் புரிந்துகொள்ளாத செயலிகளில் நிறம் வெளிறிவிடும். வெளியே எடுத்த ஜேபெக்கையே மறுபடி திறந்து திருத்திச் சேமிப்பதும் கூடாது. ஒவ்வொரு தடவையும் படம் 8 × 8 பிக்சல் கட்டங்களாக மறுபடி சுருங்கி, மென்மையான வானத்தில் கட்டம் தெரிய ஆரம்பிக்கும்.

பழைய ரா கோப்புகளை அழித்துவிடாதீர்கள். 2018-இல் இந்த மலைகளில் நீலக்குறிஞ்சி பூத்தபோது எடுத்தவை யாரிடமாவது ஹார்டு டிஸ்கில் கிடக்கலாம். கேமரா எழுதிய எண்கள் அப்படியேதான் இருக்கும். அவற்றைப் படிக்கும் முறைகள் இந்த ஆண்டுகளில் எவ்வளவோ தேறியிருக்கின்றன. திறந்ததும் இதழ்கள் தட்டையான ஊதாத் திட்டாகத் தெரிந்தால் நீலச் சேனலை மட்டும் பாருங்கள். வலது ஓரத்தில் முட்டி நின்றால் அந்த ஊதா எஸ்ஆர்ஜிபிக்குள் அடங்கவில்லை என்று அர்த்தம். அந்த நிறத்துக்கு மட்டும் சாச்சுரேஷனை 10, 15 குறைத்தால் இதழின் நரம்பு திரும்பி வரும். அடுத்த பூப்பு 2030-இல்.