ஐ.பி.எல். என்றால் தொடக்க நிரலேற்றம்

நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கிற்கு வேலைக்குப் போகிறவர்களில், பெருங்கணினிப் (மெயின்பிரேம்) பிரிவில் இருப்பவர்கள் வீட்டில் இந்தச் சுருக்கத்தை யோசித்துத்தான் சொல்ல வேண்டும். "ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஐ.பி.எல். இருக்கிறது, ஊருக்கு வர முடியாது" என்று மகன் போனில் சொன்னால், "அந்நேரத்தில் யாருக்கும் யாருக்கும் ஆட்டம் மக்களே?" என்றுதான் அம்மா கேட்பார். கிரிக்கெட் ஐ.பி.எல். 2008-இல் வந்தது. பெருங்கணினி ஐ.பி.எல்., ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரல் 7 அன்று அறிவித்த சிஸ்டம்/360 கணினி வரிசையின் காலத்துச் சரக்கு. விரித்தால் 'இனிஷியல் புரோகிராம் லோடு', கணினியை ஓடத் தொடங்கவைக்கும் முதல் வேலை. அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இங்கே பேச்சு.

மின்சாரம் கொடுத்ததும் கணினியின் நினைவகத்தில் ஓடக்கூடிய நிரல் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. அந்தக் காலத்தில், எந்தச் சாதனத்திலிருந்து படிக்க வேண்டும் என்று சுவிட்சுகளில் முகவரி வைத்து, இயக்குபவர் 'லோடு' பொத்தானை அழுத்துவார். அந்தச் சாதனத்திலிருந்து 24 பைட்டுகள் நினைவகத்தின் 0-ஆம் முகவரி முதல் வந்து அமரும். அவற்றில் பின்னுள்ள 16 பைட்டுகள், அடுத்து எதைப் படிப்பது என்று சொல்லும் இரண்டு கட்டளைகள். படிப்பு முடிந்ததும் முதல் 8 பைட்டுகள் செயலிக்குப் போகும்; எந்த முகவரியிலிருந்து ஓட வேண்டும் என்பது அதில் இருக்கும். அந்த 8 பைட்டுகளுக்குப் பெயர் பி.எஸ்.டபிள்யூ. ('புரோகிராம் ஸ்டேட்டஸ் வேர்டு'), அதாவது நிரல்நிலைச் சொல். புதிதாகச் சேர்ந்தவர் இதைப் பாஸ்வேர்டு என்று படித்தால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். சுருக்கங்களை விரித்துச் சொல்லாமலே பக்கம் பக்கமாக ஓடும் கையேடுகளுக்குத்தான் அந்தப் பழி.

தமிழாக்கத்தில் இடறுவது 'லோடு' என்ற இடத்தில். ஒரு லோடு மணல், ஒரு லோடு தேங்காய் என்று நாம் பேசும்போது அது சுமை. குமரி வழக்கில் சுமடு. அந்தப் பழக்கத்தில் 'தொடக்க நிரல் சுமை' என்று எழுதினால், கணினி எதையோ தாங்க முடியாமல் திணறுவதாகத் தோன்றும். இங்கே குறிப்பது ஏற்றும் செயலை. ஆகவே ஏற்றம்.

அடுத்தது, எங்கே சேர்த்து எழுதுவது? 'தொடக்கநிரல் ஏற்றம்' என்றால் தொடக்கநிரல் என்று தனியாக ஒரு நிரல் இருந்து, அதை ஏற்றுவதாகப் பொருள்படும். 'தொடக்க நிரலேற்றம்' என்றால் நிரலை ஏற்றும் முதல் வேலை. சாதனத்திலிருந்து ஒரு நிரலைப் படித்து அதை ஓடத் தொடங்கவைக்கும் வழி என்றுதான் மூலக் கையேடு வரையறுக்கிறது. அதற்குப் பின்னது பொருந்துகிறது.

பெயர் ஒற்றுமையால் குழப்புகிறவை இன்னும் உண்டு. கணினி ஆய்வாளர்கள் நியூவெல், ஷா, சைமன் மூவரும் 1956 வாக்கில் உருவாக்கிய ஐ.பி.எல். ஒரு நிரல்மொழி, இதற்கும் அதற்கும் உறவில்லை. ஐ.எம்.எல். ('இனிஷியல் மைக்ரோபுரோகிராம் லோடு') என்று வந்தால், செயலியின் உள்வேலையை நடத்தும் நுண்நிரலின் ஏற்றம், நிரலேற்றத்துக்கு முந்தைய படி. அச்சுப்பிழை என்று திருத்திவிடக் கூடாது.

'தொ.நி.ஏ.' என்று புள்ளி வைத்துச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. இருக்கிற குழப்பம் போதும். முதல் முறை தொடக்க நிரலேற்றம் என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு நிரலேற்றம் என்றே எழுதலாம். 'இரவு இரண்டு மணிக்கு நிரலேற்றினோம்' என்று வினையாகவும் இடறலின்றி வருகிறது.